முதல் படலம்

வீட்டுக்கு வீடு சிறுநீரக வடிகட்டி செய்துகொள்ளும் காலம் வந்தபின், மலர்க்கொடியின் அடுப்படியில் பருப்பு டப்பாவுக்குப் பக்கத்திலேயே அமிலத் தொட்டியும் வந்துவிட்டது. ரேஷனில் மாதத்துக்கு ஒரே ஒரு அலுமினியத் தகடுதான். அதை அமிலத்தில் அமிழ்த்தி மின்சாரம் பாய்ச்சினால், கண்ணுக்குத் தெரியாத கோடித் துளைகளோடு ஒரு படலம் வளரும். அம்மாவின் ரத்தம் அதன் வழியாகத்தான் சுத்தமாக வேண்டும். பழைய வடிகட்டியின் ஆயுள் நாளையோடு முடிகிறது.

மலர்க்கொடி குளித்துவிட்டு வந்தபோது, படலம் வளர்த்துக் காயவைத்திருந்த தகட்டை அப்பா புளி போட்டுத் தேங்காய் நாரால் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"மங்கிப் போயிருந்துச்சும்மா, அதான்..."

"இருபத்தஞ்சு வருஷமா ஒரு டம்ளர் கழுவுனதில்ல நீ! இன்னைக்குத்தான் கை அரிச்சுதா? அம்மாவோட உயிருப்பா அது!"

அப்பா நாரைக் கீழே போட்டார்.

தகட்டைப் பிடுங்கிப் பார்த்தாள். மேலெல்லாம் கீறல். அப்புறம்தான் அவளுக்கு மூளை வேலை செய்தது. இது முதல் படலம். முதலில் வளர்வதில் துளைகள் கோணல்மாணலாகத்தான் வரும். அதை எப்படியும் கரைத்துவிட்டு, அடியில் அலுமினியத்தில் ஒழுங்காகப் பதிந்த குழிகளின் மேல்தான் நல்ல படலத்தை வளர்க்க வேண்டும். உடனே கரைத்துப் பார்த்தாள். அடியில் ஒரு கீறல்கூட இல்லை.

"ஒண்ணும் ஆகலம்மா! கரைச்சு ஊத்தவேண்டியதத்தான் அப்பா தேய்ச்சிருக்காரு!"

கட்டிலில் கிடந்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"அப்ப மனுஷனத் திட்டாம விடுடி. இப்பத்தான் பாத்திரம் கழுவவே ஆரம்பிச்சிருக்காரு."