கை தூக்கினால் ஏலம்

“தொடாத க்ளெனிஸ்! ஏலப் பொருளைத் தொட்டா மர்ரே என்னைத்தான் திட்டுவான்” என்று ஏல மேசையைப் பார்த்துக்கொண்டிருந்த நைரி தேநீர்க் கோப்பையோடு ஓடி வந்தாள்.

க்ளெனிஸ் கையை எடுத்துக்கொண்டாள். மேசையில் பின்னல் போர்வைக்கும் ஜாம் பாட்டில்களுக்கும் நடுவே ஒரு பழைய டேப் ரெக்கார்டர் இருந்தது. குனிந்து, அதன் சின்னக் கண்ணாடி மூடி வழியே உள்ளே பார்த்தாள். கேசட் உள்ளேதான் இருந்தது.

“இது எங்க வீட்டுது நைரி. வீட்டை ஒழிச்சப்ப பெவன் பெட்டியோட தூக்கிக் குடுத்துட்டார் போல. நான் எடுத்துக்கறேனே.”

“ஐயோ, ஏலப் பட்டியலை வெளியில போர்டுல எழுதி ஒட்டியாச்சே! போன வருஷம் ஒருத்தி தன் டீ பாட்டைத் திருப்பிக் கேட்டு என்ன ரகளை, மறந்துட்டியா? பேசாம கையைத் தூக்கி வாங்கிக்கோ. காசு நர்சுங்க வண்டிக்குத்தானே போகுது.”

நோயாளிகளை வீட்டுக்கே வந்து பார்த்துக்கொள்ளும் நர்சுகளுக்கு ஒரு வண்டி வாங்கித் தரத்தான் நியூடவுன்காரர்கள் அந்த மாலையை நடத்தினார்கள். கவிதை வாசிப்பு முடிந்து, யுகுலேலே குழு மேடையில் உட்கார்ந்திருந்தது. அதில் அவள் கணவர் பெவனும் ஒருவர். ஒரு வருஷத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவர் அந்தக் குட்டி கிட்டாரைக் கையில் எடுத்திருந்தார். தாளம் தப்பியபோது பக்கத்து ஆளைப் பார்த்துச் சிரிக்கவும் செய்தார்.

அந்தச் சிரிப்பைப் பார்த்ததும், அவரிடம் இதைப் பற்றிப் பேசவே வேண்டாம் என்று க்ளெனிஸ் முடிவு செய்தாள். கைப்பையில் அறுபது டாலர் இருந்தது. போதும்.

ஏலம் போட்ட மர்ரே, காலமெல்லாம் ஆட்டுச் சந்தையில் கத்தியவர். அவருக்கு மைக் தேவையில்லை.

“அடுத்தது இந்தக் கிழவன்! என்னை மாதிரியேதான், வயசானாலும் வாய் ஓயாது. பத்து டாலர் யாரு?” என்று டேப் ரெக்கார்டரைத் தூக்கிக் காட்டினார்.

க்ளெனிஸ் கையைத் தூக்கினாள்.

“பதினஞ்சு” என்றார் மூலையிலிருந்த காபிக்கடை டோபி. “கடையில வச்சா அழகா இருக்கும்.”

“அழகுக்குத்தான் நீயே இருக்கியேடா!” என்றார் மர்ரே. கூட்டம் சிரித்தது. க்ளெனிஸ் இருபது என்றாள்.

“முதல்ல அது வேலை செய்யுதா?” என்று டோபி கேட்டார்.

“என்னைப் பார்த்தா இந்தக் கேள்வி? ஆடா இருந்தா வாயைப் பிளந்து பல்லைக் காட்டியிருப்பேன். இதைப் பேச வச்சுக் காட்டறேன். கேசட்டும் உள்ளேயே இருக்கு, அது இனாம்!” மர்ரே கேசட்டை ஆரம்பத்துக்கு ஓட்டினார். கட்டைவிரலைப் பதிவுக்கான சிவப்புப் பொத்தான்மேல் வைத்தார்.

க்ளெனிஸ் துள்ளி எழுந்தாள். கை தானாக உயர்ந்தது. “மர்ரே!”

“முப்பது! உன் விலைக்கு மேல நீயே ஏத்தறியேம்மா!” பொத்தான் டக்கென்று அமுங்கியது. “எல்லாரும் சத்தமா ஒரு வணக்கம் சொல்லுங்க, பதியட்டும்!”

“கியா ஓரா!” என்று கூடமே முழங்கியது.

“வேண்டாம், நிறுத்துங்க!” அவள் இரண்டு கைகளையும் வீசினாள்.

“ரெண்டு கை! அப்ப நாப்பது! நிறுத்தணும்னா இன்னும் ஏத்து கண்ணு, டோபி விடமாட்டான்!”

“அம்பது!” என்றார் டோபி.

மேடைக்குப் போக அவள் நாற்காலிகளுக்கு இடையே நுழைந்தாள். மடியில் தட்டு வைத்திருந்தவர்கள் நகர இடமில்லாமல் கால்களை மடக்கினார்கள். யாரோ முதுகில் தட்டி, “விடாத க்ளெனிஸ்!” என்றார்கள். அவள் சொன்னது அந்தக் கைதட்டலில் அவள் காதுக்கே கேட்கவில்லை. மேடையில் பெவன்தான் எல்லோரையும்விட உரக்கக் கைதட்டினார்.

உயர்த்திய கையை அவள் இறக்கவில்லை. கண்ணாடி மூடிக்குள் சக்கரங்கள் சுற்றிக்கொண்டே இருந்தன.

“அறுபது! டோபி? வாயை மூடிட்டான். ஒண்ணு… ரெண்டு… மூணு! வித்தாச்சு!”

மர்ரே கேசட்டைப் பின்னால் ஓட்டிப் போட்டுக் காட்டினார். கியா ஓரா கேட்டது. சிரிப்பு, “ரெண்டு கை!”, கைதட்டல், கடைசியில் அவருடைய “வித்தாச்சு!” எல்லாம் துல்லியமாகக் கேட்டன.

“பார்த்தீங்களா? ஊரே உள்ள உக்காந்திருக்கு!”

அவர் நிறுத்தப் போனபோது க்ளெனிஸ் அவர் கையைப் பிடித்துத் தடுத்தாள். டேப் தொடர்ந்து ஓடியது. வெறும் சரசரப்பு. அவள் காதை ஒலிபெருக்கியோடு ஒட்டிவைத்து வெகுநேரம் கேட்டாள். சரசரப்பைத் தவிர ஒன்றும் வரவில்லை.

பின்னால் யுகுலேலே குழு கடைசிப் பாட்டைத் தொடங்கியிருந்தது. பெவன் கண்ணை மூடி வாசித்துக்கொண்டிருந்தார்.

“ஏம்மா, இந்தப் பழசுக்கா இவ்வளவு அவசரம்?” என்று மர்ரே குனிந்து கேட்டார். “அப்படி என்ன இருக்கு இதுல?”

க்ளெனிஸ் ரெக்கார்டரை மார்போடு அணைத்துக்கொண்டு மேடைப் பக்கம் ஒரு முறை பார்த்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“பெவனுக்குத் தெரிய வேண்டாம், மர்ரே… எங்க பையன் சாகறதுக்கு முன்னாடி ஒரே ஒரு நிமிஷம் பேசி வச்சது.”