கட்டிலுக்கு அடியில் மூன்றாம் நாள்

பூனை கட்டிலுக்கு அடியில் போய் மூன்று நாளாகிவிட்டது. தண்ணீரை நக்கியதோடு சரி.

இன்று சாயங்காலத்துக்குள் ஒரு வாயாவது சாப்பிடாவிட்டால் தூக்கிக்கொண்டு வரச் சொல்லியிருந்தார் மருத்துவர். பிழைப்பது கஷ்டம் என்பதைச் சொல்லாமல் சொன்னார்.

பூட்டுக்காரர் கடையைத் திறக்கவில்லை. தரையில் கன்னத்தை வைத்துப் படுத்திருந்தார். மத்தியான வெயில் ஜன்னல் வழியே வந்து கட்டில் கால் வரை நீண்டு, அதற்குமேல் போக மனமில்லாததுபோல் நின்றிருந்தது. அதற்கப்பால் இருட்டில் இரண்டு கண்கள்.

திறக்காத பூட்டை அவர் ஒருநாளும் நெம்பியதில்லை. காதை வைத்துக் காத்திருப்பார்.

அக்காவின் பூனை அது.

அக்காவோடு பேச்சுவார்த்தை நின்று பதினோரு வருஷம். இனி பேசவும் முடியாது. அவள் தன்னை அடியோடு மறந்திருப்பாள் என்று எண்ணிக்கொள்வது அவருக்குச் சௌகரியமாக இருந்தது.

எல்லாம் முடிந்தபின் அவளுடைய பக்கத்து வீட்டுக்காரர்தான் பூனையைக் கூடையில் கொண்டுவந்து வைத்தார். சுவருக்கு அந்தப்பக்கம் நாளெல்லாம் கொஞ்சுகிற சத்தம் கேட்குமாம். பூனைக்கு என்ன பெயர் என்றுதான் அவருக்குத் தெரியவில்லை.

செல்லம், வெள்ளை, ராஜா. கொத்துச்சாவியில் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பதுபோல் எல்லாப் பெயரையும் பூட்டுக்காரர் சொல்லிப் பார்த்துவிட்டார். ஒரு காதும் அசையவில்லை.

மீன் தட்டோடு வந்த மனைவி, “என்னைக்கூட நீங்க இப்படித் தாஜா பண்ணினதில்ல” என்றாள். தட்டைக் கட்டிலோரம் தள்ளி வைத்துவிட்டுப் போனாள்.

அவருக்குக் கண் சொக்கியது.

தரை லேசாக மிதந்தது. கட்டிலின் அடிப்பலகை வானம்போல் உயர்ந்துகொண்டே போனது. அதற்குக் கீழே, போர்வையைச் சுற்றிக்கொண்டு, ஆறு வயதில் அவரே கிடந்தார். கூடத்தில் அப்பாவின் செருப்புச் சத்தம் தேய்ந்து மறைகிறது. தரையில் கன்னம் வைத்து அக்கா உள்ளே எட்டிப் பார்க்கிறாள்.

அன்று அவள் சொன்னது அப்படியே அவர் வாயில் வந்தது.

“வெளிய வாடா பொட்டலம். அவர் போயாச்சு.”

போர்வைக்குள் சுருண்டு கிடப்பவனுக்கு அக்கா வைத்த பெயர். உலகத்தில் வேறு ஒருவரும் அவரை அப்படிக் கூப்பிட்டதில்லை.

ஏதோ நகர்ந்தது. விழித்துக்கொண்டார்.

பூனை வெயிலுக்குள் வந்து நின்றது. தட்டை முகர்ந்தது. ஒரு வாய் தின்றது. இன்னொரு வாய். பிறகு முதுகை வளைத்துச் சோம்பல் முறித்துவிட்டு ஜன்னலை நோக்கி நடந்தது.

அவர் எழவில்லை.

பிறகு, தனக்கே கேட்காத குரலில், அந்தப் பெயரை மட்டும் மறுபடி சொன்னார்.

பூனை திரும்பிப் பார்த்தது. தினம் நூறு தரம் கேட்ட பெயருக்குத் திரும்புவதுபோல, அவசரமே இல்லாமல்.