சிவப்புக் கொடிக்கு அங்கால

"தங்கச்சி! சிவப்புக் கொடிக்கு அங்கால போகாதேங்கோ, அங்க ஆழம்!"

வீரகத்தி விசிலை ஊதினார். கிளிநொச்சியில் ஆற்றோரமாகப் புதிதாகத் திறந்த பொது நீச்சல் கரைக்கு அவர்தான் உயிர்காப்பாளர். கொடியைத் தாண்டப் போன பெண் பயந்து திரும்பினாள்.

சோதனைக்கு வந்திருந்த அதிகாரி சுமித்திரா கோப்பைத் திறந்தார்.

"மூண்டு மாசத்தில ஆராவது மூழ்கினவையோ, ஐயா?"

"ஒருத்தரும் இல்லை, மிஸ்."

"திறம்! உங்களுக்கு நல்லா நீந்தத் தெரியும் என்ன?"

வீரகத்தி தலை குனிந்தார். "தெரியாது மிஸ். பளை பஸ்ஸில கொண்டக்டரா இருந்தனான். விசில் நல்லா அடிப்பன் எண்டு எடுத்தவை. வேலையால நிப்பாட்டிப் போடாதேங்கோ."

"பயப்பிடாதேங்கோ. இவ்வளவு நாளும் தேவைப்படேல்லைத்தானே."

அந்தப் பெண் மறுபடி வந்தாள். "அண்ணை, கால் சுடுது. செருப்போட இறங்கலாமோ?"

"நீச்சல் கரையில செருப்புக்குத் தடை, தங்கச்சி."

அப்போது சுமித்திராவின் போன் அடித்தது. கேட்டவர் கதிரையை விட்டுத் துள்ளி எழுந்தார்.

"ஐயா, விசிலடியுங்கோ! எல்லாரையும் வெளிய எடுங்கோ! கரையைப் பூட்டவேணும்!"

"என்ன மிஸ், முதலையோ?"

"அதைவிட மோசம். இரணைமடுக் குளத்தில வான் கதவைத் திறந்திட்டாங்களாம். ஆத்துக்குத் தண்ணி வருது! தண்ணிக்க ஆக்களை நீந்த விட்டு ஒண்டு நடந்தால், ஆர் மறுமொழி சொல்லுறது?"

வீரகத்தி மூச்சை இழுத்து விசிலை ஊதினார். நீந்திக்கொண்டிருந்த முப்பது பேரும் உடம்பிலிருந்த புழுதியைத் தட்டிக்கொண்டு கரையேறினார்கள்.