எட்டு பேர் மேஜை

யாரும் எதையும் கேட்காமல் ஏழு இரவு சாப்பிட்டு எழுந்து வருவதற்கு ஆளுக்கு நூற்றிருபது டாலர் என்றாள் பயண நிறுவனத்துப் பெண்.

அவள் அந்த வார்த்தைகளில் சொல்லவில்லை. 'நேரக் கட்டுப்பாடு இல்லாத இரவுச் சாப்பாடு' என்றாள். நான்தான் அப்படி எடுத்துக்கொண்டேன்.

கணினித் திரையை எங்கள் பக்கம் திருப்பினாள். காசு கட்டாவிட்டால் மாலை ஆறு அல்லது இரவு எட்டரை. எட்டு பேர் உட்காரும் வட்ட மேஜை. கப்பல் கரைக்குத் திரும்பும்வரை அதே மேஜை, அதே நாற்காலி, அதே ஆறு அந்நியர்கள். காசு கட்டினால் தினமும் நமக்குத் தோன்றுகிற நேரத்தைப் பதிவு செய்துகொள்ளலாம். ஜன்னல் ஓரம், இருவர் மட்டும் உட்காரும் மேஜை.

கப்பல் பயணச் செலவு மொத்தமும் மகளுடையது. சாப்பாட்டை மட்டும் எங்கள் முடிவுக்கு விட்டிருந்தாள். இன்றைக்குள் சொல்லியாக வேண்டும்.

"ஒரு வாரமாவது ரெண்டு பேரும் ஒரே மேஜையில உக்காந்து சாப்பிடுங்கப்பா. அதுக்குத்தான் இவ்வளவு காசு போட்டிருக்கேன்," என்று போனில் சொல்லியிருந்தாள். போட்ட முதலைப் பற்றிப் பேசும்போது மட்டும் அவள் அப்படியே என் ரத்தம்.

அவள் கவலை நியாயம்தான். பத்து மாதமாக எங்கள் வீட்டில் நேரக் கட்டுப்பாடு இல்லாத சாப்பாடுதான் நடக்கிறது, கட்டணமே இல்லாமல். நான் கடையிலிருந்து வரும்போது என் தட்டு மூடி வைத்திருக்கும். என் மனைவியின் தட்டு கழுவிக் கவிழ்த்திருக்கும்.

பேரத்தை ஆரம்பித்தேன். பூட்டு, கீல், தாழ்ப்பாள் விற்றே நரைத்தவன் நான். சொன்ன விலைக்கு ஒன்றை வாங்கினால் அன்று தூக்கம் வராது. நூற்றிருபது தொண்ணூறாயிற்று. "மேனேஜர்கிட்ட கேக்கணும் சார்" என்று உள்ளே போய் வந்ததும் எண்பத்தைந்தாயிற்று. உள்ளே மேனேஜர் என்று யாரும் இருந்திருக்க மாட்டார். என் கடையிலும் அப்படி ஒருவர் உள்ளே இருக்கிறார்.

எண்பத்தைந்துக்கு அது கொள்ளை மலிவு. அந்நியர் மேஜையில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாதா? முதல் நாள், சூப் ஆறுவதற்குள் கேள்விகள் வரிசையாக வரும். எந்த ஊர். என்ன தொழில். பிள்ளைகள் எத்தனை.

முதல் இரண்டுக்கும் சிரிக்க வைக்கிற பதிலே கைவசம் இருக்கிறது.

"முடிச்சிடவா சார்?"

தலையாட்டப் போனேன்.

"எட்டு பேர் மேஜையே போடும்மா. எட்டரைக்கு," என்றாள் என் மனைவி.

"ஏம்மா, இவ்வளவு குறைச்சுக் குடுத்திருக்காங்க..."

"எனக்கு வேணாம்."

"சரி, தொண்ணூறே போட்டுக்க," என்றேன் அந்தப் பெண்ணிடம். அவள் விழித்தாள். "பழைய விலையே இருக்கட்டும், நூத்திருபது. நூத்தம்பதுன்னாலும் சரி. ரெண்டு பேர் மேஜை போடு."

நாற்பது வருட வியாபாரத்தில் வாங்குகிற இடத்தில் நின்றுகொண்டு விலையை நானே ஏற்றியது அன்றுதான். அந்தப் பெண் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள்.

"அங்க கேப்பாங்கம்மா," என்றேன் மனைவியிடம், குரலைத் தாழ்த்தி.

"கேக்கட்டும். இந்தத் தடவ எத்தனைன்னு சொல்றீங்கன்னு எனக்குத் தெரியணும்."

பத்து மாதத்துக்கு முன்பு, எங்களுக்குச் சரக்கு அனுப்புகிறவர் வீட்டில் ஒரு விருந்து. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் யாரென்றே தெரியாது. தட்டிலிருந்து தலையைத் தூக்காமல் கேட்டார், பிள்ளைங்க எத்தனை என்று.

"ஒண்ணுதாங்க. பொண்ணு," என்றேன்.

அலமாரியில் இருப்பதை மட்டும் எண்ணிச் சொல்லிப் பழகிய வாய். போனது இருப்பில் வராது. இரண்டு என்றால் பையன் என்ன செய்கிறான் என்று கேட்பார். அதற்கு உண்மையைச் சொன்னால் மேஜையே சாப்பிடுவதை நிறுத்திவிடும். ஒன்று என்றால் அத்தோடு முடிந்தது. முடிந்தது. அவர் சாப்பிட்டார். நானும் சாப்பிட்டேன்.

மகன் போய் அப்போது நாற்பது நாள்கூட ஆகவில்லை.

எதிர் நாற்காலியில் இருந்த என் மனைவி கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். அதற்குப் பிறகு நான் இருக்கிற மேஜையில் அவள் உட்காரவில்லை.

"அப்போ கூடுதல் கட்டணம் எதுவும் இல்ல சார்," என்று அந்தப் பெண் ரசீதை நீட்டினாள். செலுத்த வேண்டியது என்ற இடத்தில் பூஜ்யம். மனைவி வாங்கி மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள்.

லிஃப்டில் நாங்கள் இரண்டு பேர் மட்டும். கதவு மூடியதும் சொல்லிப் பார்த்தேன். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. அவள் மேலே எரிகிற மாடி எண்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

மறுபடி ஆரம்பித்தேன். ரெண்டு பிள்ளைங்க. பொண்ணுக்கு முப்பத்தொண்ணு. பையனுக்கு இருபத்தாறு.

கப்பல் கிளம்புவது அடுத்த மாதம். அதற்குள் மகளுக்கு முப்பத்திரண்டு ஆகிவிடும்.

மகனுக்கு இருபத்தாறு.