நாலாவது மவுண்ட்

"இன்னும் நடுங்குது" என்றார் ஃபிட்டர்.

படகின் அடியறையில், ஓடும் எஞ்சின் பக்கத்தில் குந்தியிருந்தார். எஞ்சினைத் தாங்கும் நான்கு ரப்பர் மவுண்ட்டுகளில் வெடித்திருந்த நாலாவதைக் காலையிலேயே மாற்றியாயிற்று. புரொப்பல்லர் தண்டோடு எஞ்சின் நேராக நிற்கிறதா என்று, இணைப்பின் இடுக்கில் மெல்லிய தகடு விட்டு நாலு பக்கமும் பார்த்தாயிற்று. மயிரிழை பிசகில்லை.

பட்டறை முதலாளி ஏணியில் பாதி இறங்கிக் கத்தினார். "இந்த மாசத்துல இது மூணாவது படகு! முதல் ரெண்டையும் இதையே சொல்லித்தான் பிடிச்சு வச்சீங்க. வேற ஆள் பார்த்துட்டு ஒண்ணுமில்லைன்னுட்டான். இன்னிக்குப் படகு சரியா இருக்குன்னு கையெழுத்துப் போடலைன்னா நாளைக்கு வர வேண்டாம்."

ஃபிட்டர் மவுண்ட்டிலிருந்து கையை எடுக்கவில்லை. வீட்டில் சம்பாதிக்க வேறு ஆள் கிடையாது. அதுகூட அவருக்கு யார் வீட்டுச் சங்கதியோ என்பதுபோல்தான் இருந்தது.

படகு ஓட்டுகிறவர் அவருடைய தங்கை புருஷன். காதருகே குனிந்தார். "போட்டுத் தொலைங்க மச்சான்! உங்க தங்கச்சிக்கு மாப்பிள்ளை பார்த்தப்போகூட இவ்வளவு சோதிக்கலையே!"

"அதான் இப்ப அனுபவிக்கிறோம், மாப்ளே."

முப்பது வருஷ இரைச்சலில் ஃபிட்டருக்குக் காது பாதி போய்விட்டது. மீதிக்குக் காதுமூடி. உள்ளங்கை சொல்வதைத்தான் நம்புவார்.

மேலே போய், முதலாளியிடமிருந்து அதிர்வு அளக்கும் கருவியை வாங்கினார். கரை நெடுகப் படகுகள் இரைந்துகொண்டிருந்தன. திரும்பி இறங்கி, கருவியை நாலாவது மவுண்ட் மேல் வைத்தார். முள் சுழியத்திலேயே கிடந்தது. தட்டினார். அசையவில்லை.

"கருவியும் செத்துப்போச்சு. ஓடுற எஞ்சின்ல சுழியம் காட்டுது பாரு."

அதை ஓரமாக வைத்துவிட்டு உள்ளங்கையைப் பதித்தார். நடுக்கம் அப்படியே இருந்தது. அடுத்த மவுண்ட்டிலும் இருந்தது. அதற்கடுத்ததிலும்.

மாப்பிள்ளை அவரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்னால கையெழுத்துப் போட முடியாது, மாப்ளே" என்றார் ஃபிட்டர். குரலில் கோபம்கூட இல்லை. "நடுக்கடல்ல இது விட்டுப்போச்சுன்னா உள்ளே இருக்கப்போறவன் நீ. நாளையிலிருந்து நான் வரலைன்னு முதலாளிகிட்டச் சொல்லிடு."

மாப்பிள்ளை அந்தக் கையை மவுண்ட்டிலிருந்து எடுத்துத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் பொத்திக்கொண்டார். கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார். பிறகு ஃபிட்டரின் காதுமூடியை மெல்லக் கழற்றினார்.

"மச்சான், நீங்க மேலே போனப்பவே எஞ்சினை நிறுத்திட்டேன்."