அமலி ஊதிய பலூன்

பிறந்தநாளன்று அமலி தானே ஊதி நூல் கட்டிய பலூன், அவள் காய்ச்சலில் இறந்தபிறகு நாளுக்கு நாள் சுருங்கிக்கொண்டே வந்தது. “அவ மூச்சுங்க அது. போயிடப்போகுது” என்று அவள் அம்மா ஜெசிந்தா அழுதாள். அவள் கணவன் சவரிநாதன் ஃபிரிட்ஜ் மெக்கானிக். கனமான எவர்சில்வர் பாத்திரம் ஒன்றில் துளையிட்டுப் பழைய கம்ப்ரசரின் குழாயைப் பொருத்தினான். கண்ணாடி மூடி போட்டால் உடைந்து ஜெசிந்தாவின் முகத்தில் தெறிக்குமென்று, விரல் தடிமனுள்ள, உள்ளே தெரியக்கூடிய பிளாஸ்டிக் பலகையை வட்டமாக அறுத்து, ரப்பர் வளையம் வைத்து மூடினான்.

பாத்திரத்திலிருந்த காற்றைக் கம்ப்ரசர் உறிஞ்சத் தொடங்கியதும், உள்ளே வாடிக்கிடந்த பலூன் மெல்ல எழும்பியது. சுருக்கமெல்லாம் மறைந்து, அமலி ஊதிய அன்று இருந்ததுபோல உருண்டு நின்றது. மூடியில் கன்னத்தை வைத்தபடி ஜெசிந்தா சிரித்தாள்.

“இன்னும் கொஞ்சம்.”

“வெடிச்சிரும் ஜெசி.” அவன் கம்ப்ரசரை நிறுத்திக் காற்றை உள்ளே விட்டான். பலூன் பழையபடி சுருங்கிப் படுத்தது.

“திரும்பப் போடவா?”

அவள் வேண்டாமென்று தலையாட்டினாள். மூடியைத் திறந்து பலூனை எடுத்தாள். கழுத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நூலை அவிழ்த்தாள்.

“நீங்களும் கிட்ட வாங்க” என்றாள்.

பலூனின் வாயருகே இருவர் கன்னமும் ஒட்டியிருக்க, அவள் விரல்களைத் தளர்த்தினாள்.