தாலாத் குளிருக்கு ஒரு கணப்பு

சைகோன், 1959. சோலோன் பகுதியிலிருந்த தன் பட்டறையில் எட்மோனின் வேனுக்குள் கேஸ் சிலிண்டரைப் பொருத்தினான் இக்னாஸ். சமையலுக்கு அடுப்பு, தாலாத் மலைக்குளிருக்குக் கணப்பு.

“நான் ஒருத்தன்தான் உள்ளே படுப்பேன். ஜன்னலைத் திறந்து வைக்கணுமா?” என்றார் எட்மோன்.

“வேணாம் முசியே. இறுக்கி மூடிட்டுப் படுங்க, அப்பதான் சூடு தங்கும்.”

வேறு யாரிடமும் இக்னாஸ் இப்படிச் சொன்னதில்லை; கணப்பு எரியும்போது ஜன்னலைத் திறந்து வைக்கத்தான் சொல்வான்.

இரண்டு நாள் கழித்து எட்மோன் நடந்தே பட்டறைக்கு வந்தார்.

“போகலையா முசியே?”

“எனக்கு லீவு கிடைக்கலப்பா. என் பொண்டாட்டி ஜூலியேத்துதான் நேத்து வேனை எடுத்துட்டுப் போனா. நீ சொன்னதை மறக்காம சொல்லி அனுப்பினேன். போய்ச் சேர்ந்ததும் தந்தி கொடுத்தா. காலையில எழுந்ததும் இன்னொண்ணு கொடுக்கறேன்னு சொன்னா, இன்னும் காணோம்.”

இக்னாஸின் கையிலிருந்து ஸ்பானர் நழுவியது.

ஜூலியேத் விதவையானால்தான் பாதிரியார் தங்கள் இருவருக்கும் கல்யாணம் செய்து வைப்பார் என்று போட்ட திட்டத்தை, அவன் அவளிடம் சொல்லவே இல்லை.